ஞானஜோதி வாசித்துச் சொன்ன கடிதம்

பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஐந்தாம் நம்பர் லயத்தில், மூன்றாவது வீடு ஞானஜோதியுடையது. ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்பதைத்தான் அங்கே லயம் என்கிறார்கள். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இருபத்தோரு வயதில் ஜெகனைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தவள். இப்போது நாற்பத்தேழு ஆகிறது. அவள் கொழுந்தெடுக்கிறாள், ஜெகன் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார், ஒரே மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள்.

வந்த புதிதில் அவளுக்கு மலையாளத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஊரில் பத்தாவது வரை நன்றாகப் படித்தவள். எழுதியிருப்பதைப் பார்த்துக்கொண்டே வாசிக்க முடியாமல் நிற்பது அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டது போல இருந்தது. அதனால் பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தாள். இது குமுளி போகிற வண்டி என்று தெரியும், அப்படியானால் முகப்பில் இருக்கும் எழுத்துகள் அந்த ஊர்ப் பெயராகத்தான் இருக்க வேண்டும். அடுத்தது கட்டப்பனை வண்டி. அங்கே பார்த்த எழுத்து இங்கேயும் வந்தால் அதற்கு அதே சத்தம். பஸ்ஸுக்குப் பிறகு ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, சுவரில் ஒட்டிய தேர்தல் நோட்டீஸ். ஒன்றரை வருஷத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்க வந்துவிட்டது.

எழுத்து வந்ததே தவிர அர்த்தம் வரவில்லை. பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் 'டிரைவரோடு சம்சாரிக்கருது' என்று எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, டிரைவரின் சம்சாரத்தைப் பற்றி எதற்கு பஸ்ஸில் எழுதுகிறார்கள் என்று ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகொரு நாள், பக்கத்து ஆளிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவனிடம் கண்டக்டர் "மெல்லெ சம்சாரிக்கு" என்றபோதுதான் அது 'பேசாதே' என்று விளங்கியது. இதை அவளே லயத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

தெரியாத வார்த்தை வந்தால் என்ன செய்வாய் என்று நான் ஒருமுறை கேட்டேன். "முதல்ல அதுக்குள்ள நம்ம வார்த்தை எதுவும் கெடக்கான்னு பாப்பேன். இல்லன்னா விட்டுட்டு வரி முடியுற வரைக்கும் போவேன். முன்னாடி பின்னாடி தெரிஞ்சா நடுவுல உள்ளது தானா வரும்" என்றாள். பிள்ளைக்காப்பகத்தின் கதவில் 'குத்திவெய்ப்பு' என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். குத்துவது, வைப்பது, பக்கத்தில் குழந்தைகள் என்றும் சனிக்கிழமை என்றும் இருந்தது. தடுப்பூசி என்று சொல்லிவிட்டாள். சரியாகவே இருந்தது.

இப்படி நிறையச் சரியாக வந்தது. லயத்தில் எல்லாரும் மலையாளம் பேசுவார்கள், வாசிக்க வராது. பிள்ளைகள் தமிழ் மீடியம். மலையாளம் படித்த ஒன்றிரண்டு இளசுகள் வேலைக்கென்று கீழே இறங்கிவிட்டார்கள். அதனால் பஞ்சாயத்துக் காகிதமானாலும் ஆஸ்பத்திரிச் சீட்டானாலும் ஞானஜோதியிடம்தான் வரும். ஒரே ஒரு தடவை, ஒரு கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு வார்த்தை எனக்கு வெளங்கல" என்று சொன்னாள். கொண்டு வந்தவர் கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே, "ஒனக்கே தெரியலையா?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க அது அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு விளங்கவில்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் வாசிக்கப் பழகிக்கொண்டாள்.

நாலாவது வீட்டில் செல்லத்துரை இருக்கிறான். மனைவி இந்து, ஒரு சின்னப் பெண் குழந்தை, அம்மா சரஸ்வதியம்மாள். அவனுக்கு மூத்தவன் மொக்கையன் கல்யாணம் செய்துகொள்ளாதவன். கொச்சிப் பக்கம் கட்டட வேலைக்குப் போனான். முதல் வருஷம் வாரம் தவறாமல் போன் வந்தது. பிறகு மாதம் ஒன்று. பிறகு அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை என்று வந்தது. செல்லத்துரை இரண்டு முறை போய்த் தேடினான். கூட வேலை செய்தவர்கள் வேறு வேறு இடத்துக்குப் போயிருந்தார்கள். போலீஸிலும் எழுதிக் கொடுத்தான். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. சரஸ்வதியம்மாள் தினமும் சாயங்காலம் செல்லத்துரை வேலை முடிந்து வந்ததும், "போன் எதுவும் வந்துச்சா?" என்று கேட்பாள். அவன் இல்லை என்பான். சுவர் ஒன்றுதான், ஞானஜோதி வீட்டுக்கு அது கேட்கும்.

போன வருஷம் ஜூன் மாதம், மழை பிடித்திருந்த நேரம், சரஸ்வதியம்மாள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. செல்லத்துரை எடுத்துக்கொண்டு வந்தான். பின்னாலேயே அவன் அம்மாவும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். அவள் பெயருக்குக் கடிதம் வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

தலைப்பு அச்சில் இருந்தது, மற்றதெல்லாம் கையெழுத்து. ஞானஜோதி அடுப்பில் உலை வைத்திருந்தாள். எழுந்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தலைப்பில் 'அகதிமந்திரம்' என்று இருந்தது. மந்திரம் என்றால் அங்கே இல்லம்; அகதியும் அவளுக்குத் தெரிந்த வார்த்தைதான். இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் ஒன்று ஊரில் அவள் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அகதிகளை வைத்துப் பார்க்கிற இடம் போலிருக்கிறது, நன்கொடை கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று முதல் வரிக்கு முன்னாலேயே அவள் மனதில் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் அதற்கேற்றபடி வந்தது. 'அவச நிலையில்' என்று இருந்ததை, அவசரம் என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டாள். ஐம்பது வயது என்றிருந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள் போல. பேச முடியாதது பற்றி ஒரு வரி, ஊமைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். 'பதினைந்து திவசத்தினகம் அவகாசிகள்' என்று வந்ததும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பதினைந்து நாள் அவகாசம்.

ஒரே ஒரு வரி மட்டும் பொருந்தவில்லை. 'இத்தேஹத்தின்றெ கைவசம் தாங்களுடெ மேல்விலாசம்.' கைவசம் தெரியும், மேல்விலாசம் தெரியும். இத்தேஹம் என்றால் இந்த உடம்பா? இந்த உடம்பின் கைவசம் உங்கள் விலாசம் என்றால் என்ன? அவள் அந்த வரியை இரண்டு முறை வாசித்தாள். கீழே ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. கூப்பிட்டுக் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கூப்பிட்டால் நன்கொடைக்குப் பிடித்துக்கொள்வார்கள். இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலை கொதித்துத் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல பெரியம்மா. அகதிக இருக்க எடம் போல. நன்கொட கேட்டு எழுதிருக்காங்க. பதினஞ்சு நாள் டயம் குடுத்திருக்காங்க" என்றாள்.

"நம்ம விலாசம் அவங்களுக்கு எப்படிக்கா?" என்று செல்லத்துரை கேட்டான்.

"எங்கயாவது லிஸ்டுல பாத்து எல்லாருக்கும் அனுப்புவாங்க."

சரஸ்வதியம்மாள் கடிதத்தை வாங்கி மடியில் வைத்துத் தடவினாள். "யாரு பெத்த பிள்ளைகளோ, பாவம். ஏதாச்சும் அனுப்பிவைடா" என்றாள். அவன் சரி என்றான், அனுப்பவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் சரஸ்வதியம்மாள் இறந்துபோனாள். நெஞ்சில் சளி கட்டி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உயிர் போவதற்கு முந்தின நாள் ஞானஜோதி பார்க்கப் போயிருந்தபோதும், போன் வந்ததா என்று ஜாடையில் கேட்டாள்.

பதினாறு கழிந்து, மரண சர்ட்டிபிகேட்டுக்காகப் பஞ்சாயத்து ஆபீஸ் போக வேண்டியிருந்தது. காகிதம் வாசிக்க ஆள் வேண்டுமே என்று செல்லத்துரை ஞானஜோதியையும் கூப்பிட்டான். ஜோமோனின் ஜீப்பில் போனார்கள். ஏலப்பாறைக்கார மலையாளி, முப்பது வயது இருக்கும், எஸ்டேட்டு ஆட்களை ஏற்றி இறக்கியே தமிழ் பழகியவன். ஆபீஸ் திறக்க நேரமிருந்தது. ஜோமோன், என்னென்ன காகிதம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக, சரஸ்வதியம்மாள் ரேஷன் கார்டும் ஆதாரும் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை வாங்கினான். அதற்குள் அந்தக் கடிதம் நாலாக மடித்து இருந்தது. பிரித்து வாசித்தான். மறுபடியும் வாசித்தான்.

"இது எப்போ வந்தது?"

"அது நன்கொட கேட்டு வந்தது. ஜூன்ல" என்றான் செல்லத்துரை.

"ஆரு சொன்னா நன்கொடைன்னு?"

செல்லத்துரை ஞானஜோதியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

ஜோமோன் தணிந்த குரலில் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். "வழியோரத்துல கிடந்த ஒரு ஆளை இங்க கொண்டுவந்து சேத்திருக்காங்க. ஐம்பது வயசு மதிக்கலாம். ரொம்ப முடியாத நிலையில இருக்கார். பேச்சு போயிடுச்சு. பேர் தெரியல. இவர் கைவசம் உங்க மேல்விலாசம் எழுதின ஒரு பேப்பர் இருந்தது. பதினஞ்சு நாளைக்குள்ள சொந்தக்காரங்க யாரும் வரலைன்னா வேற இடத்துக்கு மாத்துவோம். கீழே நம்பர் இருக்கு."

"அவகாசம்னு இருந்துச்சே" என்றாள் ஞானஜோதி.

"அவகாசம்னா எங்க பாஷையில உரிமை, சேச்சி. அவகாசின்னா உரிமைப்பட்ட ஆளு, சொந்தக்காரன். அகதின்னா ஆதரவு இல்லாதவன். அவசன்னா தளர்ந்துபோனவன்."

"இத்தேஹம்?"

"இவர்னு அர்த்தம். மரியாதையா சொல்றது."

ஜோமோன்தான் தன் போனிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டான். ஆமாம், அப்படி ஒருவர் இருந்தார், ஜூலை முதல் வாரம் திருச்சூர்ப் பக்கம் இன்னொரு இடத்துக்கு அனுப்பினோம் என்றார்கள். அங்கே கூப்பிட்டான். அவர்கள் போட்டோ அனுப்பினார்கள். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மொக்கையன்தான். செல்லத்துரை போனைக் கையில் வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஜீப்பிலிருந்து இறங்கிப் போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாளே செல்லத்துரையும் ஜெகனும் போய் அழைத்துக்கொண்டு வந்தார்கள். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிருந்தது. கால் இழுத்து இழுத்து நடப்பான். மற்றபடி நினைவு நன்றாக இருந்தது. லயத்துக்கு ஏறிவரும் படியில் நின்று ஒவ்வொரு வீடாகப் பார்த்தான். தன் வீட்டுக்குள் போனதும் அடுப்படிக்குப் போனான், பின்பக்கம் போனான், திரும்பி வந்து தம்பியைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தான். செல்லத்துரை சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினான். பதினாறாம் நாள் போட்ட மாலை இன்னும் முழுக்க வாடவில்லை. ஞானஜோதி தன் வீட்டுக்குள் இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தத்தை என்னிடம் சொல்ல அவளால் முடியவில்லை.

லயத்தில் யாரும் அவளைத் திட்டவில்லை. தமிழ்க்காரிக்கு அந்த வார்த்தையெல்லாம் எப்படித் தெரியும் என்றுதான் பேசிக்கொண்டார்கள். மகள்கூட போனில், "அதெல்லாம் யாரும் அப்படித்தாம்மா நெனைப்பாங்க" என்றாள். ஞானஜோதிக்கு அந்த ஆறுதல்தான் தாங்கவில்லை. சாப்பிடும்போது திடீரென்று கை நின்றுவிடும். ஜெகன், "தெரியாம நடந்துருச்சு, விடு" என்பார்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலாவது வீட்டுக்குப் போனாள். செல்லத்துரை அண்ணனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். இந்து மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"செல்லத்துரை, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஒக்காருங்கக்கா. அந்தப் பேச்சுன்னா வேண்டாம். நீங்க தெரியாமத்தானே சொன்னீங்க."

"தெரியாம இல்ல" என்றாள். நின்றுகொண்டே சொன்னாள். "எனக்கு வெளங்கலைன்னு எனக்குத் தெரியும். ஒரு வரி பொருந்தவே இல்ல. ரெண்டு தடவ வாசிச்சுப் பாத்தேன். போன் நம்பரையும் பாத்தேன். கூப்பிட்டுக் கேக்கலாம்னு தோணிச்சு. ஒங்க ரெண்டு பேரு முன்னாடி தெரியலைன்னு சொல்ல வாய் வரல. அதான் நடந்தது."

செல்லத்துரையின் கை ரேசரோடு நின்றது. ரேசரைத் துடைத்து வைத்துவிட்டு, "தெரியலைன்னு சொல்லிருந்தா நான் ஜோமோன்கிட்ட கொண்டு போயிருப்பேனேக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கே புரியாத ஒன்றைக் கேட்பது போலக் கேட்டான்.

"ஆமா."

"அம்மா ஒங்க வாசல்லதான் ஒக்காந்திருந்துச்சு."

"ஆமா."

இந்து சல்லடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மொக்கையன் பாதி நுரை அப்பிய முகத்தோடு ஞானஜோதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. இடது கையைக் கொஞ்சம் தூக்கி அசைத்தான். போ என்கிறானா, இரு என்கிறானா, போகட்டும் விடு என்கிறானா, அவளுக்குத் தெரியவில்லை. "எனக்குத் தெரியல" என்றுதான் என்னிடமும் சொன்னாள். எனக்குக் கேட்க ஆசையாக இருந்தும் நான் மேலே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் யாருக்கும் எதையும் வாசித்துச் சொல்லவில்லை. காகிதத்தோடு வந்தவர்களிடம் கண் தெரியவில்லை என்றாள். அச்சில் வந்தவற்றைச் சிலர் போனில் காட்டி அர்த்தம் பார்த்துக்கொண்டார்கள். கையெழுத்தில் வந்தால் போன் கண்டபடி உளறியது. டிசம்பரில், ஆறாவது வீட்டுப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்த சீட்டை யாருமே வாசிக்காமல் வைத்திருந்து, போக வேண்டிய நாள் தவறிப்போனது. இன்னொரு தேதி கிடைத்ததால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தான் வாயை மூடிக்கொண்டு இருப்பதும் வேறொரு விதத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதுதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

இப்போது மறுபடி வாசிக்கிறாள். பக்கத்தில் இருந்து பார்த்தேன். முன்பு போல வேகமில்லை. ஒரு பென்சில் வைத்திருக்கிறாள். தெரிந்த இடத்தில் தெரியும் என்கிறாள், ஊகமாக இருந்தால் "இது என் நெனப்பு" என்கிறாள், சுத்தமாகத் தெரியாததற்குக் கோடு போடுகிறாள். கோடு போட்ட காகிதத்தைக் கொண்டு வந்தவர் கையிலேயே கொடுத்து, ஜோமோனிடமோ டிஸ்பென்சரி நர்ஸிடமோ கேட்டுவிட்டு வந்து தனக்கும் சொல்லச் சொல்கிறாள். சிலருக்கு இது அலுப்பாக இருக்கிறது. முன்னெல்லாம் நொடியில் சொல்லிவிடுவாயே என்கிறார்கள். நம்முடைய வார்த்தை மாதிரியே இருக்கிற வார்த்தைகளைக் கண்டால்தான் அவளுக்கு இப்போது அதிகப் பயம். முழுக்க அந்நியமாக இருந்தால் கவலையில்லை, அது தெரியாது என்று தெரிந்துவிடும் என்கிறாள்.

மொக்கையனுக்குக் கால் கொஞ்சம் தேறியிருக்கிறது. கை வரவில்லை. ஆரம்பத்திலேயே பயிற்சி கொடுத்திருந்தால் வந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைச் செல்லத்துரை அவளிடம் சொல்லவில்லை, ஜோமோன் மூலமாக அவளுக்குத் தெரிந்தது. செல்லத்துரை வேலைக்குப் போன நாட்களில், அவள் சீக்கிரம் வந்துவிட்டால், மொக்கையனைப் பிடித்துக்கொண்டு ஃபேக்டரி வளைவு வரை நடக்க வைக்கிறாள். அவன் மறுப்பதில்லை. அவனிடம் நேராக ஒருமுறை மன்னிப்புக் கேட்டாயா என்று நான் கேட்டதற்கு, "பதில் சொல்ல முடியாத ஆளுகிட்ட கேட்டா அது கேட்ட மாதிரி ஆகுமா?" என்றாள்.

இந்து அவளோடு பேசுவதில்லை. குழாயடியில் சந்தித்தால் குடத்தைத் தள்ளி இடம் விடுவாள், அவ்வளவுதான். முன்பு எதற்கெடுத்தாலும் மதினி, மதினி என்று வந்து நின்றவள். குழந்தையின் பள்ளிக்கூடத்திலிருந்து மலையாளத்தில் ஏதாவது காகிதம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போகிறாள். ஞானஜோதி வாசலில் நின்று பார்க்கிறாள், கூப்பிடுவதில்லை.